கேட்டு வரைந்த சுவரும் கேளாமல் வரைந்த சுவரும்

நியூயார்க் நகரின் கிழக்கு ஹார்லெம் பகுதியில், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு சிறிய விளையாட்டுத் திடல் இருக்கிறது. சுவரில் பந்தை அறைந்து ஆடும் ஆட்டத்துக்காக அங்கே தனியாக ஒரு கான்கிரீட் சுவர் நிற்கிறது. 1986-ஆம் ஆண்டு கோடையில் கீத் ஹேரிங் என்ற ஓவியர் ஏணியும் பெயின்ட் டப்பாக்களுமாக வந்து, யாரிடமும் கேட்காமல், அந்தச் சுவர் நிறைய மனித உருவங்களை வரைந்து ‘கிராக் இஸ் வாக்’ என்று பெரிதாக எழுதினார். கிராக் என்னும் போதைப்பொருள் அந்நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சீரழித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பழக்கம் கேடு என்பதைச் சாலையில் போகிற எல்லார் கண்ணிலும் படும்படி சொல்ல நினைத்தார் அவர். போலீஸ் பிடித்தது, கடைசியில் சிறிய அபராதத்தோடு விட்டது. பிறகு வேறு யாரோ அந்த வாசகத்தைத் திருத்திப் போதைக்கு ஆதரவாக்கிவிட, சுவரின் மீது சாம்பல் நிறம் அடிக்கப்பட்டது. அதற்கும் பிறகு, நகரத்தின் பூங்காத் துறையே ஹேரிங்கை அழைத்து, மறுபடியும் வரைந்து கொடுக்கும்படி கேட்டுக்கொண்டது. அதே ஆண்டில் அவர் அதே சுவரில் அதே வாசகத்தை எழுதினார். இன்று அந்தத் திடலுக்கே அந்த ஓவியத்தின் பெயர்தான். நகரமே அதைப் பேணுகிறது. ஓவியர் அவரே, சுவர் அதுவே, சொல்லும் அதுவே. ஆண்டின் நடுவில் குற்றமாக இருந்தது ஆண்டு முடிவதற்குள் நகரத்தின் சொத்தாகிவிட்டது. இடையில் மாறியது ஒன்றுதான்: இரண்டாம் முறை அவர் அனுமதியோடு வரைந்தார்.

கிராஃபிட்டி கலையா, சுவரைப் பாழாக்கும் வேலையா என்று பட்டிமன்றம் வைத்தால் இரண்டு அணிக்கும் கைதட்டல் கிடைக்கும். தீர்ப்பு மட்டும் வராது. காரணம், அது ஒரே கேள்வியின் இரண்டு விடைகள் அல்ல. ‘கலையா?’ என்பது சுவரின் மேல் இருப்பதைப் பற்றிய கேள்வி. அதற்குக் கண்ணும் பழக்கமும் ரசனையும் பதில் சொல்ல வேண்டும். ‘பாழாக்கலா?’ என்பது அந்தச் சுவருக்கும் வரைந்த கைக்கும் உள்ள உறவைப் பற்றிய கேள்வி. அதற்கு உரிமையும் சம்மதமும்தான் பதில் சொல்ல முடியும். ஆகவே ஒரே படம் உயர்ந்த கலையாகவும் அடுத்தவருக்குச் செய்த தீங்காகவும் ஒரே சமயத்தில் இருக்கலாம். கலை என்று நிரூபித்துவிட்டால் குற்றம் கழுவப்பட்டுவிடும் என்று ஒரு தரப்பு நினைக்கிறது. குற்றம் என்று நிரூபித்துவிட்டால் அது கலையே ஆகாது என்று மறுதரப்பு நினைக்கிறது. இரண்டும் பிழை. இந்த முடிச்சை அவிழ்க்காமல் எந்த நகராட்சியும் சுவர்களைப் பற்றி நியாயமான ஒரு விதியை எழுத முடியாது.

கிராஃபிட்டி என்ற சொல்லே கீறுதலைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. நம் தொல்லியலாளர்கள் பானை ஓடுகளில் காணப்படும் குறிகளை ஆங்கிலத்தில் கிராஃபிட்டி என்றும் தமிழில் கீறல்கள் என்றும்தான் எழுதுகிறார்கள். கீழடி ஓடுகளில் அந்தக் குறிகளோடு ஆதன், குவிரன் போன்ற பெயர்களும் தமிழி எழுத்தில் கிடைத்திருக்கின்றன. தன் பானையில் தன் பெயரைக் கீறி வைத்தவர்மீது எவரும் குறை சொல்லப்போவதில்லை. இரண்டாயிரம் ஆண்டு கழித்து நாம் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிறோம். அதே கீறலை இன்று ஒருவர் பழைய மண்டபத் தூணில் ஆணியால் செய்தால், தொல்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். இரண்டிலும் கை செய்த வேலை ஒன்றே. பானை அவருடையது, தூண் எல்லாருடையது என்பதே வேறுபாடு. அதிலும் தூண் இனி ஒருமுறை செதுக்கி வாங்கக்கூடிய பொருள் இல்லை. சுவரின் சொந்தக்காரர் யார் என்பதோடு, பட்ட காயம் ஆறுமா என்பதும் இங்கே கணக்கில் வருகிறது.

இன்று நாம் கிராஃபிட்டி என்று சொல்லும் ஸ்பிரே டப்பா எழுத்து பெரிதாகக் கிளம்பியது அமெரிக்காவில். நியூயார்க்கில் தூதஞ்சல் வேலை பார்த்த ஓர் இளைஞர், தன் செல்லப் பெயரையும் தான் வசித்த தெருவின் எண்ணையும் சேர்த்து ‘டாக்கி 183’ என்று போகிற இடமெல்லாம் எழுதிவைத்தார். 1971 ஜூலையில் ‘நியூயார்க் டைம்ஸ்’ அதைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. நூற்றுக்கணக்கான இளைஞர்கள் அதைப் பின்பற்றினார்கள். சுவர்களிலிருந்து சுரங்க ரயில் பெட்டிகளுக்கு எழுத்து தாவியது. பெயரை ஒரே வீச்சில் கிறுக்குவது ‘டேக்’. நாள்கணக்கில் திட்டமிட்டு, வண்ணமும் நிழலும் சேர்த்து, எழுத்துகளையே ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னி வரைவது ‘பீஸ்’. ஒரு பெட்டியின் முழு நீளத்துக்கும் வரைந்த படங்கள் விடியற்காலையில் யார்டிலிருந்து கிளம்பி, பிராங்க்ஸிலிருந்து புரூக்ளின் வரை ஓடின. மாநகரம் 1972-இல் இதற்கெதிராகச் சட்டம் கொண்டுவந்தது. யார்டுகளைச் சுற்றி முள்வேலி போட்டார்கள், நாய்களை விட்டார்கள். 1984-இல் தொடங்கிய தூய்மைத் திட்டம் வென்றது. கிராஃபிட்டி உள்ள கடைசிப் பெட்டி 1989 மே 12 அன்று சேவையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் பெட்டிகளில் தினமும் வேலைக்குப் போனவர்களை இந்தக் கதையில் மறந்துவிடக் கூடாது. ஜன்னல் கண்ணாடியும் வழித்தட வரைபடமும் மையால் மூடியிருந்த பெட்டி, அதில் இரவு தனியாகப் பயணம் செய்தவருக்கு ஓவியக்கூடமாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்களுடைய அச்சமும் எரிச்சலும் ரசனைக் குறைவால் வந்தவை அல்ல.

ஆனால் அதே பெட்டிகளில் கலை இருந்தது என்பதையும் மறுக்க முடியாது. மார்த்தா கூப்பரும் ஹென்றி சல்ஃபன்ட்டும் எடுத்த ஒளிப்படங்கள் 1984-இல் ‘சப்வே ஆர்ட்’ என்ற நூலாக வந்தபோது, உலகெங்கும் இளைஞர்கள் அதைப் பாடப்புத்தகம் போல வைத்துக் கற்றார்கள். சுவரில் வாசகங்கள் எழுதித் தொடங்கிய ஜான் மிஷெல் பாஸ்கியாவின் ஓவியம் ஒன்று 2017-இல் 11 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. ஏலத் தொகையைக் காட்டிக் கலையென்று வாதிடுவதில் எனக்கு உடன்பாடில்லை; சந்தை எதையும் விற்கும். அதைவிட வலுவான சான்று அந்த இளைஞர்களுக்குள்ளேயே இருந்த ஒழுங்கு. புதிதாக வந்தவன் மூத்தவனிடம் தொழில் கற்றான். அடுத்தவன் எழுத்துநடையைத் திருடுவது இழிவு. கருப்புப் புத்தகம் என்று அவர்கள் சொன்ன நோட்டுகளில் எழுத்துருவை மாதக்கணக்கில் வரைந்து பழகிய பிறகே சுவருக்குப் போனார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: நல்ல ஒரு படத்தின் மேல் மட்டமானதைப் பூசக் கூடாது. அதை மீறினால் கைகலப்பு வரை போனது. தன் படத்தின் மேல் கேளாமல் இன்னொருவன் பெயின்ட் அடித்தால் ஏன் அவ்வளவு கோபம்? தான் உழைத்து உருவாக்கிய பரப்பில் அடுத்தவர் கை வைக்கக் கூடாது என்ற உணர்வு அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. வீட்டுக்காரரும் கடைக்காரரும் கேட்பது அந்த மரியாதையைத்தான்.

இந்த இரண்டு கேள்விகளையும் ஒரு நீதிமன்றமே தனித்தனியாகப் பிரித்து விடை சொன்ன வழக்கு ஒன்று உண்டு. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், உயரத்தில் ஓடும் 7-ஆம் எண் ரயிலிலிருந்து பார்த்தால் தெரியும்படி ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம் இருந்தது. அதன் உரிமையாளர் ஜெரி வோல்காஃப் 1990-களிலேயே சுவர்களில் வரைய அனுமதி கொடுத்திருந்தார். 2002-இல் ஜோனத்தன் கோஹன் என்ற கிராஃபிட்டி ஓவியர் பொறுப்பேற்று, நகரின் ஐந்து பகுதிகளையும் குறிக்கும் விதமாக அதற்கு ‘ஃபைவ் பாய்ன்ட்ஸ்’ என்று பெயர் வைத்தார். யார் எங்கே வரையலாம், எந்தச் சுவர் சில நாளுக்கு, எந்தச் சுவர் பல ஆண்டுக்கு என்று அவர் ஒழுங்கு செய்தார். உலகின் பல நாடுகளிலிருந்து ஓவியர்கள் வந்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே வரையப்பட்டன. சுற்றுலாப் பேருந்துகள் வந்தன, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். பிறகு உரிமையாளர் கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்ட முடிவு செய்தார். ஓவியர்கள் 2013-இல் தடை கேட்டு நீதிமன்றம் போனார்கள். இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. ஆனால் நீதிபதி ஃபிரெடெரிக் பிளாக் தன் விரிவான உத்தரவை எழுதி முடிப்பதற்குள், நவம்பர் மாதத்து இரவொன்றில், உரிமையாளர் ஆள்வைத்து எல்லாப் படங்களின் மேலும் வெள்ளையடித்துவிட்டார். காலையில் வந்தவர்கள் பார்த்தது, வெள்ளைப் பூச்சுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்த எழுத்தோரங்களைத்தான்.

அமெரிக்காவில் 1990-இல் வந்த காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம், அங்கீகாரம் பெற்ற ஒரு படைப்பை அழிப்பதற்கெதிராகப் படைத்தவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. கட்டடத்தோடு ஒட்டிய படைப்பு, பெயர்த்தெடுக்க முடியக்கூடியது என்றால், உரிமையாளர் ஓவியருக்கு எழுத்து மூலம் தெரிவித்து 90 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். வோல்காஃப் கொடுக்கவில்லை. இடிக்க அனுமதி வருவதற்கே மேலும் பல மாதங்கள் ஆயின என்பதால் அந்த அவசரத்துக்குத் தேவையும் இருக்கவில்லை. வழக்கில் 21 ஓவியர்களின் 49 படங்கள் ஆராயப்பட்டன. கலை வல்லுநர்களின் சாட்சியம் கேட்டு, 45 படங்கள் அங்கீகாரம் பெற்றவை என்று நீதிபதி முடிவு செய்தார். படத்துக்கு 1,50,000 டாலர் வீதம் 67.5 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கும்படி 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. எப்படியும் இடிபடப் போகிற கட்டடம், சில நாளில் மறையும் படங்கள், இதற்கு என்ன மதிப்பு என்று உரிமையாளர் தரப்பு வாதிட்டது. குறுகிய காலமே இருந்தாலும் படைப்பு மதிப்புப் பெறலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கோலம் போடும் ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த இரவில் பாழாக்கியவர் கட்டடத்தின் சொந்தக்காரர். ஸ்பிரே டப்பாவோடு வந்தவர்கள் பாழாக்கப்பட்ட பக்கத்தில் நின்றார்கள்.

இந்தத் தீர்ப்பை ஸ்பிரே டப்பா பிடித்த எல்லாருக்குமான வெற்றி என்று கொண்டாடுகிறவர்கள், அதே நகரத்தில் 1997-இல் வந்த இன்னொரு தீர்ப்பையும் படிக்க வேண்டும். மன்ஹாட்டனில் ஒரு காலிமனையில் உரிமையாளரின் சம்மதமின்றிச் சுவரோவியங்களும் சிற்பங்களும் வைத்திருந்த கலைஞர்கள், அங்கே கட்டடம் எழுப்புவதைத் தடுக்க இதே சட்டத்தை நாடினார்கள். பிறர் இடத்தில் சட்டத்துக்கு மாறாக வைக்கப்பட்டு, பெயர்த்தெடுக்கவும் முடியாத படைப்புக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவை கலை அல்ல என்று அது சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிரேசில் இன்னும் தெளிவாகப் பேசியது. அங்கே சுவரில் கோணல்மாணலாகப் பெயர் எழுதுவதைப் ‘பிஷாசாவ்’ என்றும் ஓவியமாக வரைவதைக் ‘கிராஃபிட்டே’ என்றும் மக்கள் வழக்கிலேயே பிரித்துச் சொல்வார்கள். 2011-இல் திருத்தப்பட்ட சட்டம், உரிமையாளர் சம்மதத்தோடு, பொதுச் சொத்து என்றால் உரிய துறையின் ஒப்புதலோடு, கலைநோக்கில் வரைவது குற்றமாகாது என்று எழுதியது. பிஷாசாவுக்குச் சிறைத்தண்டனை தொடர்கிறது.

சம்மதம் என்ற இந்த அளவுகோலுக்கு எதிராக முதலில் வரும் மறுப்பு உணர்ச்சி மிக்கது. அனுமதி கேட்டு வரைந்தால் அது கிராஃபிட்டியே அல்ல, அதன் உயிரே மீறலில்தான் இருக்கிறது என்பார்கள். மீறலுக்கு மதிப்பு உண்டு. ஆனால் எதை மீறுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். பெர்லின் சுவர் கிழக்கு ஜெர்மனியின் எல்லைக்குச் சில அடி உள்ளே தள்ளிக் கட்டப்பட்டிருந்ததால், 1980-களில் மேற்குப் பக்கம் நின்று வரைந்த தியெரி நுவார் போன்றவர்கள் கிழக்கின் மண்ணில் நின்றுதான் வரைந்தார்கள், பிடிபட்டால் கைது. ஒரு நகரத்தையே இரண்டாகப் பிளந்த சுவருக்கு யாரிடம் அனுமதி கேட்பது? சிரியாவின் தாரா நகரில் 2011-இல் பள்ளிச் சுவரில் ஆட்சிக்கெதிராக எழுதிய சிறுவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்ததுதான் அந்நாட்டு எழுச்சிக்குப் பொறியானது. பேச வேறு வழியே விடாத அரசின் சுவரில் எழுதுவதைச் சொத்துச் சேதம் என்று சொன்னால் அது நீதியாகாது. ஆனால் முக்கில் மளிகைக்கடை வைத்திருப்பவர் சர்வாதிகாரி இல்லை. அவர் கடையின் ஷட்டரில் இரவோடிரவாகப் பெயர் கிறுக்குகிறவன் எந்த அடக்குமுறையையும் எதிர்க்கவில்லை. பெயின்ட் வாங்கி அழிக்கும் செலவை அவர் தலையில் கட்டுகிறான்.

இரண்டாவது மறுப்பு, வலிமையானது. பணமுள்ளவனுக்கு நகரத்தின் கண் முழுவதும் திறந்துகிடக்கிறது. அறுபதடி உயர விளம்பரப் பலகையை நம் முகத்துக்கு நேரே வைக்க அவன் வழிப்போக்கர் யாரிடமும் கேட்பதில்லை. ஏழை வீட்டுப் பையன் ஒரு பாலத்தடியில் வரைந்தால் மட்டும் அழுக்கா? இந்தக் கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். சாவோ பாலோ நகரம் ஒதுக்கவில்லை. அங்கே 2007-இல் நடைமுறைக்கு வந்த தூய நகரச் சட்டம் தெருவிலிருந்த விளம்பரப் பலகைகளையே இறக்கிவிட்டது. தமிழ்நாட்டில் இது இன்னும் கூர்மையான கேள்வி. திறந்தவெளி உருக்குலைப்புத் தடுப்புச் சட்டம் 1959-ஆம் ஆண்டிலிருந்தே இங்கே இருக்கிறது. இருந்தும் தேர்தலுக்கு ஓராண்டு முன்பே வீட்டுச் சுற்றுச்சுவரில் கட்சியின் பெயரும் ஆண்டும் எழுதி ‘ரிசர்வ்’ செய்துவிடுகிறார்கள். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பது அரிது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், அனுமதியின்றி வைத்த பேனர் சரிந்ததால் ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் நிலைதடுமாறி விழுந்து லாரியில் சிக்கி இறந்தார். ஆகவே சம்மதம் என்ற விதி ஸ்பிரே டப்பாவுக்கு மட்டும் என்றால் அது ஏழைக்கு மட்டுமான விதியாகிவிடும். பேனருக்கும் போஸ்டருக்கும் கட்சிச் சுவரெழுத்துக்கும் அதுவே விதியாக வேண்டும். பணக்காரனும் கேளாமல் எழுதுகிறான் என்பது அவனைத் தடுக்கக் காரணமாகுமே தவிர, கடைக்காரரின் சுவரை எல்லாருக்கும் திறந்துவிடக் காரணமாகாது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு வரும்: எந்தச் சுவரெழுத்தையும் விட்டுவைத்தால் ஒழுங்கு குலையும், ஒரு சிறு மீறல் பெரிய மீறலை அழைத்துவரும் என்று. இதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடந்து 2008-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான சோதனையில், ஒரு சந்தில் நிறுத்திய சைக்கிள்களின் கைப்பிடியில் துண்டுச்சீட்டைக் கட்டிவைத்தார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் சீட்டைத் தரையில் போட்டார்கள்; சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 சதவீதம் பேர். ஆனால் அந்தச் சந்தில் இரண்டு முறையும் ‘இங்கே சுவரில் எழுதாதீர்’ என்ற பலகை இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜனங்கள் பெயின்ட்டைப் பார்த்து மாறவில்லை. இங்கே விதி மதிக்கப்படுவதில்லை என்பதைப் பார்த்து மாறினார்கள் என்பதே ஆய்வாளர்களின் கருத்து. அப்படியானால் அனுமதியோடு வரைந்த சுவர் அந்தத் தீங்கைச் செய்ய வேண்டிய அவசியமில்லை.

சென்னை கண்ணகி நகரில் வெளியேற்றப்பட்டுக் குடியமர்த்தப்பட்ட மக்கள் வாழும் அடுக்குக் குடியிருப்புகளின் பக்கச்சுவர்களில், மாநகராட்சியின் இசைவோடு சில ஆண்டுகளுக்கு முன் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. ஊரே தவறாகப் பேசிய பெயருக்கு அந்தச் சுவர்கள் வேறு முகம் கொடுத்தன. குடிநீரும் வேலையும் ஓவியத்தால் வந்துவிடாது என்று சொல்பவர்கள் சொல்வதும் சரி. ஆனால் கேட்டு வரையும் வழி நம் ஊரிலும் சாத்தியம் என்பதற்கு அது போதும். கேட்டு வரைந்ததை அழிக்கக் கூடாது என்பதற்கும் நமக்குச் சட்டம் உண்டு: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு. டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் சிற்பி அமர்நாத் செகல் செய்த பிரமாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2005-இல் அதை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

நம் மாநகராட்சிகளும் ரயில்வேயும் எந்தெந்தச் சுவர்களில் யார் வேண்டுமானாலும் வரையலாம் என்று வார்டுவாரியாக ஒரு பட்டியல் வெளியிடட்டும். விண்ணப்பம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், கட்டணமும் வேண்டாம். பட்டியலில் இல்லாத சுவரில் கேளாமல் எழுதுகிறவர் மாணவரானாலும் கட்சிக்காரரானாலும் அழிக்கும் செலவை அவரிடமே வசூலிக்கட்டும். அனுமதி கொடுத்து வரையச் சொன்ன சுவருக்கு மறுபடி வெள்ளையடிக்க வேண்டிய நாள் வந்தால், வரைந்தவருக்கு 90 நாள் முன்னதாக ஒரு கடிதம் போகட்டும்.